முதல் பரிசு பெற்ற வடிகால்

சுங்கை தெராத்தாய் தோட்டத்துப் பெரிய வடிகால், மலாயாவின் கெடா மாநிலத்திலேயே சுத்தமான வடிகால் என்று முதல் பரிசு வாங்கியது. நம் கணக்கில் அது 1943ஆம் வருஷம். ஜப்பான்காரன் கணக்கில் 2603. அறுநூற்று அறுபது வருஷம் முன்னால் போய்விட்டவர்களிடம் நம்முடைய சின்ன விஷயங்களைப் பேசிப் புரியவைப்பது கஷ்டம்தான்.

பரிசு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டுமானால் இருளப்பனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். லூனாசிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி இருந்த அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு வடிகால் வேலை. மற்றவர்கள் ரப்பர் மரத்தைப் பார்த்து வேலை செய்தார்கள். இருளப்பன் தரையைப் பார்த்து வேலை செய்தார். மழை பெய்தால் தண்ணீர் எங்கே புறப்படும், எங்கே தயங்கும், எங்கே திருட்டுத்தனமாக வழி மாறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சீனிவாசகம் சொல்வார். உண்மைதான். தோட்டத்துக்கு அது போதுமாக இருந்தது.

தோட்டம் ஒரு சரிவில் கிடந்தது. உச்சியில் துரை பங்களாவும் மாட்டுக் கொட்டகையும். அதற்குக் கீழே தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற மேல் லயம், மேல் லயத்துக் கக்கூஸ். நடுவில், காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம். அதற்கும் கீழே கீழ் லயம், முப்பது குடும்பம், ஒரே கிணறு. மழை பெய்தால் மேட்டில் உள்ள சாணி, கக்கூஸ் அழுக்கு எல்லாம் அடித்துக்கொண்டு கீழே வரும். அதைக் கிணற்றுப் பக்கம் விடாமல் ஓரமாக இழுத்துக்கொண்டு போய், ஆற்றுக்கு முன்னால் இருந்த சதுப்பில் தள்ளுவதுதான் பெரிய வடிகாலின் வேலை. அழுக்கெல்லாம் சதுப்பில் தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகும். வெள்ளைக்காரத் துரைக்கு இது புரிந்ததா என்று தெரியாது. ஆனால் இருளப்பன் வேலையில் அவர் தலையிட்டதில்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் அவர் கார் ஏறி ஓடிப்போனார். கிராணி சீனிவாசகம் அவருடைய நாற்காலியில் போய் நுனியில் உட்கார்ந்தார்.

அப்புறம் கூலிமிலிருந்து சபை வந்தது. முழுப் பெயர் 'தூய நீர்ச் சேவைச் சபை'. அதன் தலைவர் தனிமுரா, நீளக் கத்தி, குட்டைக் கால், முழங்கால் வரை பூட்ஸ். கொஞ்சம் மலாய் பேசுவார். மலாய் தீர்ந்துபோனால் அடிப்பார். வந்த அன்றே நீர் உறுதிமொழி என்று ஒன்றைக் கொடுத்தார். தினமும் காலையில் களத்தில் நின்று, தோக்கியோ அரண்மனை இருக்கும் திசையில் குனிந்து கும்பிட்டு, பிறகு எல்லோரும் சத்தமாகச் சொல்ல வேண்டும்:

"தண்ணீரை அழுக்காக்க மாட்டேன். அழுக்கைக் கண்டால் சபைக்குத் தெரிவிப்பேன். சபை ஏற்காத அழுக்கு அழுக்காகாது."

காலை என்றால் தோக்கியோ காலை. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்திருந்தார்கள். சூரியனுக்கு இன்னும் உத்தரவு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, அது பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது. அதனால் எதைப் பார்த்துக் குனிகிறார்கள் என்று மூன்று மாதம் வரை யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது மாதம் தனிமுராவுக்குப் புதிதாக ஒரு திசைகாட்டி வந்தது. பட்டப்பகலில், கும்பிடு போடுவதற்காகக் களத்தில் எழுப்பியிருந்த மரியாதை மேடையில் ஏறி நின்று முள்ளைப் பார்த்தார். முள்ளைக் கணக்கு வைத்து வடகிழக்கே கையை நீட்டினார். நீட்டிய கைக்கு நேரே மேல் லயத்துக் கக்கூஸ் நின்றது. மூன்று மாதமாக இருநூறு பேர், சக்கரவர்த்தியின் அரண்மனை என்று நினைத்து, கதவு இல்லாத நாலு கக்கூசைக் கும்பிட்டிருக்கிறார்கள்.

கக்கூசை இடித்து வேறு பக்கம் கட்டிவிடலாம் என்று டிரெசர் பசுபதி சொல்லிப் பார்த்தார். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாத டிரெசர் அவர், அதனால் யோசனை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். கக்கூஸ் சுகாதாரம் சம்பந்தப்பட்டது, அதை நகர்த்த மேலிடத்து அனுமதி வேண்டும், வர ஒரு வருஷம் ஆகும். மரியாதை மேடையை நகர்த்த யார் அனுமதியும் வேண்டாம். முப்பது தப்படி கிழக்கே தள்ளினால் கும்பிடு கக்கூசைத் தாண்டிப் போய்விடும். அந்த முப்பதாவது தப்படியில் பெரிய வடிகால் இருந்தது.

கல்லையும் களிமண்ணையும் கொட்டி, வடிகாலை அடைத்து, அதன் மேல் இருபதடி நீளத்துக்கு மேடை எழுப்பத் தொடங்கினார்கள். இருளப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டபடியே ஆபீசுக்குப் போனார்.

"ஐயா, மேடைய லோங்காங் மேல கட்டுறாங்களே. மழ வந்தா தண்ணி எங்க போவும்?"

"எங்கயாச்சும் போவும்லா. தண்ணிக்குப் போற வழி சொல்லிக் குடுக்கணுமா?" என்றார் கிராணி.

"போவும் ஐயா. நேரா கீழ் லயத்துக் கெணத்துக்குப் போவும். மாட்டுக் கொட்டாய், கக்கூசு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போவும். எம் மவ அங்கதான் இருக்கு. மாசமா இருக்கு."

மகள் சந்திராவைக் கிராணிக்கும் தெரியும். ஆயக்கொட்டகையில் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். அவள் புருஷன் மனோகரனை ஏப்ரலில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை என்று சொன்னார்கள். அந்த மூன்று மாதம் ஜூலையில் முடிந்தது. மனோகரனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. தாயில்லாத பெண், தகப்பன் வீட்டுக்கு வந்து இருந்தாள். இருளப்பனுக்கு மிச்சம் என்று இருந்தது அவள் ஒருத்திதான், அவள் வயிற்றில் இருந்த பிள்ளைதான்.

"ரெண்டு எண்ணெ டிரம்ம அடியில போட்டுட்டு மேல கட்டச் சொல்லுங்க ஐயா. தண்ணி அடியில போயிரும். மேட பாட்டுக்கு மேல நிக்கும்" என்றார் இருளப்பன்.

யோசனை கிராணிக்குப் பிடித்திருந்தது. தனிமுராவிடம் போய்ச் சொன்னார். திரும்பி வந்தபோது ஒரு கன்னம் சிவந்து வீங்கியிருந்தது.

"துவான் கேக்குறாரு, சக்கரவர்த்தி கொடி நிக்கிற எடத்துக்கு அடியில கக்கூசுத் தண்ணி ஓடணும்னு சொன்ன ஆளு யாருன்னு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நாந்தான் மலாய்ல தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னேன். போய்யா. இனிமே உனக்காக அடி வாங்க நான் ஆள் இல்ல."

இருந்தாலும் நல்ல மனுஷன், ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். சபையிடம் மழைநீர் வெளியேற்ற விண்ணப்பம் என்று ஒரு பாரம் இருந்தது. அதை நிரப்பி அனுப்பினால், மழை பெய்யும் நாளில் மேடையின் ஒரு பக்கத்தைத் திறந்து தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம். இருவரும் உட்கார்ந்து நிரப்பினார்கள். மழை எந்தத் தேதியில் பெய்யும்? தோக்கியோ நேரப்படி எத்தனை மணிக்கு? எத்தனை கேலன்? பொறுப்பாளர் யார்?

"மழைக்கு யாருங்க ஐயா பொறுப்பு?"

"ஏதாச்சும் ஒரு பேர் போட்டாத்தான் வாங்குவாங்க" என்று கிராணி இருளப்பன் பேரைப் போட்டார். தேதி ஆகஸ்ட் பதினெட்டு என்று ஒரு மதிப்பில் எழுதினார்கள்.

மழை பதினைந்தாம் தேதியே பெய்தது.

நாலு மணி நேரம் கொட்டியது. வடிகாலில் வந்த தண்ணீர் மேடையில் முட்டி, கொஞ்ச நேரம் யோசித்து நின்றது. பிறகு பெரட்டுக் களம் பூராவும் விரிந்து, கீழே சரிந்து, இருளப்பன் சொன்ன வழியிலேயே கிணற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. மறுநாள் கிணற்றில் இறைத்த வாளியில் மாட்டுச் சாணி மிதந்தது. மூன்றாம் நாள் தனிமுரா வந்தார். விண்ணப்பித்த தேதிக்கு மூன்று நாள் முன்னதாக மழை பெய்வித்த குற்றத்துக்காக இருளப்பனைக் களத்தில் நிறுத்தி ஆறு அறை அறைந்தார். வெயிலில் தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வரை நிற்க வைத்தார். இருளப்பன் நின்றார். அன்று மேகம் கூட வரவில்லை.

அதே வாரம் சபையின் பரிசோதகர்கள் வந்தார்கள். மூன்று பேர், வெள்ளைக் கையுறை. வடிகால் போட்டிக்காகக் கெடா முழுக்கச் சுற்றுகிறவர்கள். மேடைக்குக் கீழ்ப்பக்கம் வடிகாலில் இறங்கி, கல்லைத் தடவி, கையுறையைப் பார்த்தார்கள். கையுறை வெள்ளையாகவே இருந்தது. தோட்டம் தோட்டமாக அவர்கள் பார்த்து வந்த எல்லா இடத்திலும் வடிகால் என்றால் நாறிக்கொண்டு, கறுத்த தண்ணீர் ஓடிக்கொண்டு இருக்கும். இங்கே ஒரு சொட்டு இல்லை, ஒரு நாற்றம் இல்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாகுஸ்!" என்று மலாயில் மெச்சினார் தனிமுரா.

கிணற்றை யாரும் பார்க்கவில்லை. போட்டி வடிகாலுக்குத்தான்.

கீழ் லயத்தில் வயிற்றுப்போக்குத் தொடங்கியது. மருந்து இல்லாத டிரெசர் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும்' என்று அட்டையில் எழுதிக் கிணற்றடியில் கட்டினார். அரை நாள் தொங்கியது. போட்டியில் இருக்கும் தோட்டத்தில் இப்படி ஓர் அட்டையா? கொதிக்க வைப்பது என்றால் தண்ணீர் மேல் சந்தேகம் என்று அர்த்தம், தண்ணீர் மேல் சந்தேகம் என்றால் சபை மேல் சந்தேகம். அட்டையை டிரெசரே அவிழ்த்து, நாலாக மடித்து, தனிமுரா பார்த்துக்கொண்டிருக்க அடுப்பில் போட்டார். அன்றிலிருந்து கீழ் லயத்தில் வெந்நீர் போடுவது குற்றம்.

இருளப்பன் மரவள்ளிக்கிழங்கு அவிக்கிற சாக்கில் வெந்நீர் போட்டார். அதுவும் கிணற்றுத் தண்ணீர் இல்லை. ஒன்றரை மைல் நடந்து, பத்தாம் நம்பர் காட்டுக்குள் இருந்த ஊற்றிலிருந்து இரண்டு தகர டின்னில் சுமந்து வருவார்.

"எதுக்குப்பா இப்படிச் செரமப்படுற? எல்லாரும் கெணத்துத் தண்ணிதானே குடிக்கிறாங்க" என்பாள் சந்திரா.

"எல்லாரும் குடிக்கட்டும். நீ குடிக்காத."

"குடிச்சா என்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. நீ குடிக்காத, அவ்ளோதான்."

அவள் சிரித்துவிட்டு, அவர் கொடுத்ததை மட்டும் குடித்தாள். கீழ் லயத்தில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. சந்திராவுக்கு ஒரு நாள் கூட வயிறு வலித்ததில்லை. ராத்திரி படுக்கும்போது அதை நினைத்து இருளப்பனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாவது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மத்தியானம் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். இன்னொரு மழைக்குள் வழி வெட்டிவிட வேண்டும், அப்புறம் என்ன அடித்தாலும் அடித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்திருந்தார். மேடை ஓரத்தில் கீழ் லயத்து ஆட்கள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். காவலுக்கு. சபை வைத்த காவல் இல்லை, அவர்களே வைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மாசி எழுந்து வந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இருளப்பண்ணே, வேணாண்ணே. கிராணி சொன்னாரு. மொதப் பரிசு நமக்குத்தான் வரப்போவுதாம். பரிசு வாங்குன தோட்டத்துலேருந்து மூணு மாசத்துக்குச் சயாமுக்குக் கூலியாளு எடுக்க மாட்டாங்களாம்."

"புள்ளைங்க சாவுது அம்மாசி."

"தெரியும்ணே. செத்ததுல ஒண்ணு என் தங்கச்சி புள்ளதான்." அம்மாசி சட்டென்று குனிந்து இருளப்பன் காலைத் தொட்டார். "எம் பயலுவ ரெண்டு பேரும் லிஸ்ட்டுல இருக்கானுங்க. அங்க போனவன் ஒருத்தன் திரும்பி வந்தானா? உங்க மருமவன் வந்தாரா? மூணு மாசம்ணே. அதுக்குள்ள சண்ட முடிஞ்சிரும். அதுவரைக்கும் லோங்காங் காஞ்சி கெடக்கட்டும்."

அம்மாசி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் இருளப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். சந்திராவுக்குத்தான் ஊற்றுத் தண்ணீர் இருக்கிறதே என்று மனசு ஓரத்தில் ஒரு சமாதானம் இருந்தது. அந்தச் சமாதானத்துக்காக அவர் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

செப்டம்பர் நடுவில் பரிசளிப்பு விழா வைத்தார்கள். மேடையில் கொடி, தென்னை ஓலைத் தோரணம். இருநூறு பேரும் தோக்கியோவைக் கும்பிட்டு, உறுதிமொழி சொல்லி முடித்ததும் தனிமுரா பேசினார். அவர் மலாயில் பேசப் பேசக் கிராணி தமிழில் சொன்னார்.

"வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்த வடிகாலில் தினமும் அழுக்கு ஓடியது. இன்று அழுக்கு எங்கே? இல்லை. நாங்கள் அழுக்கை அகற்றவில்லை. அகற்றுவது கோழைகள் வேலை. நாங்கள் அழுக்குக்கு அனுமதி மறுத்தோம். சிலர் வயிறு வலிக்கிறது என்கிறார்கள். சுத்தத்துக்குப் பழகாத வயிறு அப்படித்தான் வலிக்கும். நானே மலாயாவுக்கு வந்த நாளிலிருந்து கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொட்டதில்லை, ஏனென்றால் மற்ற ஊர்களில் எங்கள் சபை இன்னும் முழுமையாக வேலை செய்யவில்லை. இங்கே செய்திருக்கிறது. ஆகவே இந்தத் தண்ணீரை இன்று எல்லோரும் குடித்துக் கொண்டாடுவோம்."

கிணற்றிலிருந்து நாலு அண்டா நிறைய இறைத்து வைத்திருந்தார்கள். வரிசையாக வந்து, ஆளுக்கு ஒரு தகரக் குவளை முழுக்கக் குடித்து, குவளையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். தனிமுராவுக்கு மட்டும் இளநீர் வெட்டி வந்தது. இளநீரும் தண்ணீர்தானே என்று அவர் சொன்னதாகக் கிராணி சொன்னார்.

இருளப்பன் தன் முறை வந்ததும் குடித்துக் கவிழ்த்தார். பின்னால் சந்திரா, எட்டு மாத வயிற்றோடு, ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி நின்றாள். அவள் குவளைக்கு அவர் கையை நீட்டினார்.

"துவான், இதையும் நானே குடிச்சிர்றேன். எம் மவளுக்கு ஒடம்பு ஆவாது. வயித்துல புள்ள இருக்கு. நான் ரெண்டு குடிக்கிறேன் துவான், பத்து கூடக் குடிக்கிறேன்."

கிராணி மலாயில் சொன்னார். தனிமுரா சந்திராவின் வயிற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஏதோ சொன்னார். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார்.

"ரெண்டு உயிரு இருக்குறதால... ரெண்டு குவளை குடிக்கணுமாம்."

சந்திரா அப்பாவைப் பார்த்தாள். இரண்டு குவளையும் குடித்தாள். இரண்டையும் கவிழ்த்துக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள், தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஒருத்தன் நின்றிருந்தான்.

மூன்றாம் நாள் விடியலில் அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பக்கத்து வீட்டு மாரியம்மா உப்பும் சர்க்கரையும் தேடி லயம் லயமாக ஓடினாள். உப்புக் கிடைத்தது, சர்க்கரை கிடைக்கவில்லை. டிரெசர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். "அப்பா, ஊத்துத் தண்ணி இருக்கா?" என்று அவள் கேட்டாள். இருந்தது, இரண்டு டின் நிறைய இருந்தது. ஒரு மடக்குக் கூட உள்ளே நிற்கவில்லை. மறுநாள் உச்சி வேளைக்கு அவள் போய்விட்டாள். பிள்ளை அதற்கு முன்பே வயிற்றிலேயே போயிருந்தது.

சாவுக்குக் காரணம் எழுத வேண்டியவர் டிரெசர் பசுபதி. பரிசு பெற்ற தோட்டங்களுக்குச் சபை தனியாக ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அங்கே மலேரியா, பாம்புக்கடி, மனவருத்தம் ஆகிய மூன்று காரணங்களால் மட்டும் சாகலாம்.

"மலேரியான்னா மருந்து எங்கேம்பான். பாம்புன்னா பாம்பக் காட்டும்பான்" என்றார் டிரெசர். பேனாவை மையில் தோய்த்தார். "மன்னிச்சிருப்பா இருளப்பா."

மனவருத்தம் என்று எழுதினார். அந்த வாரம் கீழ் லயத்தில் ஏழு பேர் மனவருத்தத்தால் செத்தார்கள். அதில் ஒன்று தவழ்கிற பிள்ளை, வயது எட்டு மாதம்.

விழா முடிந்த பத்தாம் நாள் காலை பெரட்டுக் களத்தில் இரண்டு லாரி வந்து நின்றது. நாலு சிப்பாய்கள். தனிமுரா மேடையில் ஏறிக் கையில் இருந்த கடிதத்தைப் படித்தார். கிராணி தமிழில் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"சயாமில் பெருமழை. ரயில் பாதை சேற்றில் புதைகிறது. அங்கே இருக்கும் கூலிகளுக்குத் தண்ணீரைத் தடுக்கத் தெரியவில்லை. கெடாவிலேயே வடிகாலைக் காய வைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். ஆகவே உங்களில் நாற்பது பேரை அனுப்பச் சபை முடிவு செய்திருக்கிறது. பரிசு பெற்ற தோட்டத்திலிருந்து கூலியாள் எடுக்க மாட்டோம் என்றோம். சபை வாக்குத் தவறாது. நீங்கள் கூலிகளாகப் போகவில்லை. ஆசிரியர்களாகப் போகிறீர்கள்."

பேர் கூப்பிட்டார்கள். முதல் பேர் இருளப்பன். ஏழாவது அம்மாசி. எட்டாவதும் ஒன்பதாவதும் அவருடைய மகன்கள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் லாரியிலிருந்து ஒரு புது மண்வெட்டி எடுத்துக் கொடுத்தார்கள்.

இருளப்பன் தன்னுடையதை வாங்கி, காம்பைக் கையில் ஆட்டிப் பார்த்தார். நல்ல மண்வெட்டி. லாரிப் பக்கம் போகாமல் மேடைப் பக்கம் போனார். முந்தின நாள் ராத்திரி பெய்த மழை மேடைக்குப் பின்னால் இடுப்பளவு தேங்கி, கறுத்து நின்றது. மேடையின் அடியைப் பார்த்து ஒரு போடு போட்டார். களிமண் பெயர்ந்தது. இன்னொன்று போட்டார். மேடைக்கு மேலே தனிமுரா கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மண்வெட்டி அம்மாசியுடையது. பிறகு அவர் மகன்கள். இனி யாரை எதற்காகக் காப்பாற்றுவது? நாற்பது பேரும் வந்து நின்று வெட்டினார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

"என்ன இது?" என்றார் தனிமுரா.

கிராணி சீனிவாசகம் களத்தில் முதல் தடவையாகத் தானாக ஒரு வாக்கியம் பேசினார். "பயிற்சி துவான். சயாம்ல எப்படி வேல செய்யப் போறாங்கன்னு துவானுக்குக் காட்டுறாங்க."

தனிமுராவுக்கு அது நியாயமாகப் பட்டது. சிப்பாய்களைப் பார்த்துக் கையை அமர்த்தினார். மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்றார். மூன்றாவது பாகுசுக்கு மேடை இரண்டாகப் பிளந்து, அவரையும் கொடியையும் சேர்த்துக் கீழே இறக்கியது. ஒன்றரை மாதமாகத் தேங்கியிருந்த மேல் லயத்துக் கக்கூசும் மாட்டுக் கொட்டகையும் அவர் பூட்சுக்குள் புகுந்து, இடுப்பைச் சுற்றி, பழைய வழியில் இறங்கி ஓடத் தொடங்கின.

யாரும் சிரிக்கவில்லை. கிராணியைக் கீழே விழும் வரை அடித்தார்கள், விழுந்த பிறகும் அடித்தார்கள். நாற்பது பேரை ஒன்றும் செய்ய முடியவில்லை. நாற்பது என்று தந்தி போய்விட்டது, ஒன்று குறைந்தால் சயாமில் தனிமுராதான் பதில் சொல்ல வேண்டும். மண்வெட்டியால் முதுகில் தள்ளி லாரியில் ஏற்றினார்கள்.

லாரி பாதையில் திரும்பியபோது வடிகால் பக்கத்திலேயே கூட வந்தது. கறுப்பாக, நாறிக்கொண்டு, நுரைத்துக்கொண்டு, எங்கும் தயங்காமல், சதுப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இருளப்பன் அப்படி ஓர் அழகான ஓட்டத்தைப் பார்த்ததில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்றைக்கே, அம்மாசி காலைத் தொட்டபோதே, கையை உதறிவிட்டு வெட்டியிருந்தால் சந்திரா வாசலில் நின்று லாரியைப் பார்த்திருப்பாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாசி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் மகன்களின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாத முடிவில் பரிசோதகர்கள் வந்தார்கள். வடிகாலில் இறங்கினார்கள். கையுறை கறுத்தது. சபையின் அறிக்கை இப்படி இருந்தது: 'சுங்கை தெராத்தாய் வடிகால் மிகவும் அசுத்தமாக உள்ளது. காரணம்: மேடை இல்லாமை. பரிசு திரும்பப் பெறப்படுகிறது. மேடையை உடனே கட்டவும்.'

உடனே கட்டுவதற்குத் தோட்டத்தில் கல் சுமக்கத் தெம்புள்ள ஆண்கள் மிஞ்சவில்லை. அதனால் வேலை தள்ளிப் போடப்பட்டது. அந்த வருஷத்து மழையைக் கீழ் லயத்துப் பெண்களும் மிச்சமிருந்த பிள்ளைகளும் உயிரோடு தாண்டியது அதனால்தான்.